மனைவியின் பாஸ்போர்ட்டில் இருந்த பெயர்

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும் என்பது விதி. சிதம்பரம் அண்ணாமலை நகரில் வெளிநாடு போகிற எவரிடமும் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் புறப்பட்டோம். சென்னை விமான நிலைய கவுன்ட்டரில் இருந்த பெண், மனைவியை அனுப்ப முடியாது என்றார். டிக்கெட்டில் அவள் பெயரோடு என் பெயரைச் சேர்த்திருந்தேன். பாஸ்போர்ட்டிலோ மாமனார் பெயர்.

“பொறந்ததுலேருந்து எங்கப்பா பேருதாங்க எனக்கு. ஊருக்கெல்லாம் ரூல் சொல்றீங்களே, என்னுத ஒரு தடவ பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

முகவரியைப் பார்த்த அந்தப் பெண் சிரித்துவிட்டார். “சிதம்பரமா? நான் கடலூருதாம்மா. இருங்க, மேனேஜர்கிட்ட பேசிப் பாக்குறேன்.”

அரைமணி நேரத்தில் போர்டிங் பாஸ் வந்தது. இத்தனை வருடத்தில் இவளைப் பற்றி வேறு எதையெல்லாம் படிக்காமல் விட்டேன் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

கவுன்ட்டரில் நின்றபடியே, பெயரைத் திருத்தக் கேட்டு விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பதில் வந்தது, சிதம்பரத்தில் பேரனுக்குக் காது குத்திய அன்று.