மெஷினுக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். சாமி விஷயமும் இதில் கலந்திருப்பதால் தயக்கம். அம்மனிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு வீடு முத்தியால்பேட்டை. உழவர்கரைப் பக்கம், தகரத்தில் டப்பா மூடி அடிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. அந்த வருஷம் ஆயுத பூஜையன்று எங்கள் சூப்பர்வைசர் தன் கையாலேயே எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். ஒரு மெஷினில் மட்டும் பொட்டு அதன் கண் மேலேயே விழுந்துவிட்டது. உள்ளே கை போனால் மெஷினை நிறுத்துகிற கண் அது. அது மறைந்ததால் மறுநாள் மெஷின் ஓடவில்லை. பூஜைப் பொட்டைத் துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை. சூப்பர்வைசர் கண்ணுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, கண் இல்லாமலே ஓடும்படி மாற்றச் சொல்லி ஓட்டவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஒயரை யாரும் திரும்ப மாட்டவில்லை.

அந்த மெஷினில் உட்காருவது என் பக்கத்து சீட்டுப் பெண். கைக்குழந்தைக்காரி. ஒருநாள் மூடியை எடுக்கக் கை நீட்டியவள், அச்சு இறங்கும் நேரத்தில் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வளையல் மட்டும் நொறுங்கியது.

"சார்கிட்ட சொல்லுடி" என்றேன்.

"அவரு வெச்ச பொட்டாச்சேக்கா. சொன்னா வேலைக்கு வராதன்னுடுவாரு. நீங்க சொல்லுங்களேன்."

எனக்கும் வாய் வரவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் அவள் விரல்களுக்காக வேண்டிக்கொண்டதோடு சரி.

அந்த வாரம் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். பாதி முகத்தை மூடுகிற கண்ணாடி ஒன்றை மாட்டினால், உள்ளே ஒரு பொம்மை கம்பெனி, ஒரு பொம்மை சூப்பர்வைசர். வேலையில் தப்பைப் பார்த்தால் மேலே இருப்பவரிடம் பயப்படாமல் சொல்லிப் பழகத்தானாம்.

"ஏன்க்கா, நிலாவுக்கா கெளம்பிட்டீங்க" என்று என் முறை வந்தபோது கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள்.

மாட்டியதும் சுற்றி இருந்தவர்கள் யாரும் தெரியவில்லை. "ஏதாவது சொல்லணுமா?" என்று பொம்மை கேட்டது. தனியாக இருப்பதாகவே நினைத்துவிட்டேன்.

"சார், நீங்க வெச்ச பொட்டு மெஷின் கண்ண மறைச்சிடுச்சு. ஒயர வேற கழட்டிட்டீங்க. என் பக்கத்து சீட்டுப் பொண்ணுக்குக் கையே போயிருக்கும். தொடைக்கச் சொல்லுங்க சார், சாமி கோச்சிக்காது."

கண்ணாடியைக் கழற்றினால் நிஜ சூப்பர்வைசர் நேரெதிரே நிற்கிறார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார்.

பக்கத்து சீட்டுக்காரிதான் பதில் சொன்னாள். "பொம்மை வேலைய விட்டுத் தூக்காது சார்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. நேராகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு, தன் கைக்குட்டையாலேயே பொட்டைத் துடைத்தார். ஒயரை மாட்டவைத்து, ஓடுகிற மெஷினுக்குள் துடைப்பக்கட்டையை நீட்டினார். மெஷின் நின்றது. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இப்போதும் அவர்தான் பொட்டு வைக்கிறார். வைக்குமுன் எங்கள் பக்கம் திரும்பி, "இங்க வெக்கலாமா?" என்று கேட்கிறார்.

இதைப் படிக்கிறவர்கள் வேலை செய்யும் இடத்தில் நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவரைக் கெட்டவராக்க வேண்டாம், பொட்டையும் குறை சொல்ல வேண்டாம். வேண்டிக்கொண்டால் மட்டும் போதாது, வாயையும் திறக்க வேண்டும் என்று அம்மன் எனக்குக் காட்டியதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.