ஐந்து பொய்மீன், ஒரே முள்

மூன்று வருடங்களுக்கு முன், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. ஆக்லாந்தின் கிழக்குக் கரையில், மராய்ட்டாய் வார்ஃப் என்ற படகுத்துறையில், எங்கள் மீன்பிடிப் போட்டி. எங்கள் என்றால் பெரிய சங்கம் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் சேர்ந்த இருபது பேர். மலேசியக்காரர்கள், யாழ்ப்பாணம், மன்னார்க்காரர்கள், என்னைப் போல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மார்ட்கேஜும் மழையும் வாரம் முழுக்கத் தின்றது போக எங்களில் மிஞ்சியதைக் கொண்டுபோய்க் கடலோரத்தில் உலர்த்துவோம். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வருடம் கோப்பையை வென்றவர் ஒரு மன்னார்க்காரர். மனுரேவா பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலை. குழுவுக்குப் புதியவர், அதிகம் பேசமாட்டார், வார்ஃபின் கடைசி மூலையில் தனியாக நிற்பார். இரண்டாவதாக வந்தது நான். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அவருடைய தூண்டில் எங்களுடையது போல இல்லை. நாங்கள் நூலின் முனையில், மீனை ஏமாற்ற மீன் வடிவில் செய்த ஒரு பொய்மீனைக் கட்டி வீசுவோம். அவர் கம்பியை வளைத்துக் குடைக்கம்பி மாதிரி விரித்து, அதில் ரப்பர் பொய்மீன்கள் ஐந்தைத் தொங்கவிட்டிருந்தார். தண்ணீருக்குள் இழுத்தால் சின்ன மீன்கூட்டம் ஒன்று அவசரமாக எங்கோ போவது போலிருக்கும். பின்னால் கஹவாய் மீன்கள் பாய்ந்து வரும்.

"அது தூண்டி இல்ல லா, கல்யாண மண்டபத்து சரவிளக்கு!" என்று, இந்த முறை போட்டி நெருங்கியபோது எங்கள் மலேசிய நண்பர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு இரண்டு நாளில் புளித்தது. ஐந்து தூண்டில்முள் போட்டால் யார்தான் பிடிக்கமாட்டார்கள் என்றார் ஒருவர். மீனைக் கிழிக்கிற வேலை என்றார் இன்னொருவர். தடை செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்குக் கொஞ்சம் எழுத வரும் என்பதால் விதியை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

எழுதினேன். ஆசையாகத்தான் எழுதினேன். 'கடல் நமக்குத் தருவது ஒரு விளையாட்டு, அதை வேட்டையாக்க வேண்டாம். ஒரு நூல், ஒரு பொய்மீன்.' இருபது கட்டைவிரல்கள் உயர்ந்தன. இல்லை, பத்தொன்பது. பிறகு யாரோ, போன வருடக் கோப்பையையும் அவர் திருப்பித் தருவதுதானே முறை என்று கேட்டார்கள். தந்தால் அது இரண்டாவதாக வந்தவனுக்கு. நான் அதற்கு ஆமாம் என்று எழுதவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

போட்டி நாளான அந்த ஞாயிறு காலை மன்னார்க்காரர் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஒரு சூப்பர்மார்க்கெட் பையை என்னிடம் நீட்டி, "இந்தாங்கோ அண்ணை" என்றார். உள்ளே கோப்பை, ஒரு துவாலையில் சுற்றி. நான் வாங்கி பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் என் நூல் இழுத்தது. சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தால் ஒரு குட்டி ஸ்நாப்பர் மீன். அளவுக்குக் குறைவு, திரும்ப விடவேண்டும். ஆனால் விட முடியவில்லை. ஒரு முள் வாயில், ஒன்று செவுளில், இன்னொன்று கண்ணுக்குப் பக்கத்தில். நான் இழுக்க இழுக்க மீன் திமிறியது. என் விரல் கிழிந்தது.

"விடுங்கோ, விடுங்கோ. இழுக்காதேங்கோ."

மன்னார்க்காரர் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். ஈரத்துணியால் மீனைப் பொத்திக்கொண்டு, சிறு குறட்டால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். குழந்தையின் காலில் தைத்ததை எடுப்பது போல. தண்ணீரில் விட்டார். அது கொஞ்சம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து போயிற்று. பிழைத்ததோ என்னவோ.

என் பொய்மீனைக் கையில் திருப்பிப் பார்த்தார். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று, இரண்டும் மும்முனை முட்கள்.

"அண்ணை, உங்கட ஒண்டிலை ஆறு முள்ளு இருக்கு."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. தன் பெட்டியைத் திறந்து அந்தக் கம்பிக் குடையை எடுத்துக் காட்டினார். ஐந்து பொய்மீன்கள். நான்கில் முள்ளே கிடையாது, வெறும் ரப்பர். நடுவில் கடைசியாகத் தொங்குவதில் மட்டும் ஒற்றை முள்.

"மற்றது சும்மா. கூட்டமெண்டு மீன் நினைக்கோணும், அவ்வளவுதான். கனக்க முள்ளுப் போட்டால் குஞ்சுகள் காயப்படும்."

"இதை ஏங்க குரூப்ல சொல்லல?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே. தீர்ப்பெழுதின பிறகு கதைச்சால் கெஞ்சுற மாதிரியெல்லோ இருக்கும்."

எல்லோரையும் கூப்பிட்டேன். மலேசிய நண்பர் குனிந்து எண்ணினார், தன் தூண்டிலையும் எண்ணினார். "அய்யோ, எனக்கும் ஆறு லா" என்றார் மெல்ல. நான் எழுதிய விதி பொய்மீனை எண்ணியது, முள்ளை எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அதோடு, கோப்பை எனக்கு வரும் என்பதால்தான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இஞ்சை வேண்டாம் அண்ணை. வீட்டை கொண்டு வந்து தாங்கோ. நான் ஏதோ களவு செய்து வெண்டனான் எண்டு மகள் நினைக்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் சொல்லுங்கோ."

அன்று யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில்லை. மாலையில் மனுரேவா போனேன். அவர் மகள், ஒன்பது வயதுப் பெண், பள்ளிச் சீருடை காயும் கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கோப்பையைப் பள்ளிக்கு எடுத்துப்போய்க் காட்டியவள் அவள். அதைத் திருப்பித் தரவேண்டும் என்றதும் அப்பாவிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டவளும் அவள்தான். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உன் அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை, தப்பு என்னுடையது என்றேன். முள் கணக்கையும் சொன்னேன்.

அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, அப்பாவின் தூண்டிலைப் பற்றிக் கேட்டாள். "டிட் யூ ஈவன் லுக் அட் இட்?"

"நோ" என்றேன்.

"பிள்ளை, அப்பிடிக் கேக்கக்கூடாது" என்று அவர் அவசரமாகத் தடுத்தார். உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றும்படி அவளிடம் சொன்னார். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள்.

அடுத்த வருடம் விதியை மாற்றினோம். பொய்மீன் எத்தனையும் இருக்கலாம், முள் ஒன்றே ஒன்று. இப்போதும் நியாயம் என்று நினைத்து யாரைப் பற்றியாவது நாலு வரி அழகாக எழுத வந்துவிடும்போது, எழுந்து அவர்களிடமே கேட்க நடந்துபோகிறேன். பாதி வரிகள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.