நேரம் தப்பாத சிரிப்பு

மழையில் நனைந்த குடைகளின் வாசனை... வகுப்பறையின் பின்சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். எழுபதுகளில் பத்தாவது முடித்து, மலையாள நாட்டுக் கல்லூரியில் ப்ரீ டிகிரி சேர்ந்த முதல் வாரம் என்றால் எனக்கு அதுதான் நினைவு.

பாடமெல்லாம் இங்கிலீஷில். பக்கத்துப் பெஞ்சுகளில் கிசுகிசுப்பு மலையாளத்தில். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தது இரண்டே பேர். கோவிந்தாபுரத்திலிருந்து நான், நல்லேப்பிள்ளியிலிருந்து மரகதம்.

ஹாஸ்டலில் எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவள் தங்கமணி அக்கா. மீனாட்சிபுரத்துக்காரி. சாயங்காலம் துணி காயும் மொட்டை மாடியில் எங்களை உட்கார வைத்து, வகுப்பில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று சொல்லித் தருவாள்.

"குனியாதீங்க. குனிஞ்சாத்தான் சார் எழுப்பிக் கேப்பாரு. எல்லாரும் சிரிச்சா கூடவே சிரிச்சுப் போடோணும். கொஞ்சம் பிந்துனாலும் நமக்குப் புரியலைன்னு தெரிஞ்சு போயிரும்."

"ஏனுங்க்கா, எல்லாரும் அழுதா?" என்றாள் மரகதம்.

"அது நம்ம வேலை அம்மிணி. வேற ஆரும் அழ மாட்டாங்க."

அக்கா இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள். நடுவில் அவள் சிரித்தால் நாங்களும் சிரிக்க வேண்டும். கையால் வாயை மூடிக்கொண்டால் யார் பிந்தியது என்று தெரியாது... மரகதம் என்னைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டாள். இங்கிலீஷில் தோற்றால் படிப்பை நிறுத்தி மாமனுக்குக் கட்டி வைத்துவிடுவோம் என்று அவள் வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஓணம் லீவு முடிந்து பரீட்சைத் தாள் வந்தது.

சார் ஒரு தாளை எடுத்து, சில வரிகளை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வகுப்பு சிரித்தது. மரகதமும் சிரித்தாள். நேரம் தப்பவில்லை.

அது அவள் எழுதிய தாள். அவளுடைய வரிகளே அவர் உச்சரிப்பில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் இறங்கி வந்து தாளை அவள் முன்னால் வைத்தார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். மேலே சிவப்பு மையில் மார்க்கு. தோல்வி.

அப்புறம்... அவளும் சிரித்தாள்.

அன்றைக்கு மாடியில் நடந்ததைக் கேட்டதும் அக்கா இங்கிலீஷ் பேப்பரை மடித்து வைத்துவிட்டாள்.

"நான் போயி இதையெல்லாம் சொல்லிக் குடுத்து..."

"நீங்க நல்லாத்தானுங்க சொல்லிக் குடுத்தீங்க. ரெண்டு தடவையும் சரியாச் சிரிச்சுப் போட்டேன்" என்றாள் மரகதம்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. சனிக்கிழமை அவள் அப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கார்த்திகையில் கல்யாணம். அக்காவும் நானும் போயிருந்தோம். மரகதம் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது என் பேத்தியின் பள்ளியில் இதற்கென்றே ஒரு டீச்சர் இருக்கிறார். பாடம் புரியாவிட்டால் கையைத் தூக்கி, 'புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்கப் பழக்குகிறாராம். பேத்தி தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

தங்கமணி அக்கா எங்களுக்கு எத்தனையோ சொல்லித் தந்தாள்... அப்படிக் கேட்கலாம் என்பது மட்டும் எங்கள் மூவருக்குமே தெரியாது.