வேலியோரம் குரைக்க வேண்டிய நாய்

தொண்ணூறுகளில், சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வேலியைப் பக்கத்துத் தோட்டக்காரர் கொஞ்சங்கொஞ்சமாக எங்கள் பக்கம் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. என் நாய்தான் குரைத்து விரட்டும். அது வாந்தியும் பேதியுமாகப் படுத்ததும் பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தபடி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, குழி வெட்டச் சொல்லட்டுங்களா?"

"இருக்கட்டுங்க" என்றேன். இந்த ஆளுக்காகவே இதைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் சொம்புத் தண்ணீரை அப்படியே வைத்தேன். குடித்ததையெல்லாம் கக்கிவிட்டது. ஊசி போட வந்த மாட்டு டாக்டர், "உப்புச் சர்க்கரைத் தண்ணிய ஸ்பூன்ல கொஞ்சங்கொஞ்சமா ஊத்துங்க. கழுத்துத் தோலை இழுத்து உட்டாச் சட்டுனு படியோணும், இல்லீனா ஒடம்புல தண்ணி பத்தலைன்னு அர்த்தம்" என்றார். கடைவாயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அந்த ஆளை மனதுக்குள் திட்டினேன். இழுத்தால் அப்படியே நின்ற தோல் மெல்லப் படியத் தொடங்கியது.

நாய் தேறிய பிறகு அவர் கடப்பாரையோடு வேலியோரம் வந்தார். நாய் பாய்ந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறி, "புடிங்க அம்மணி!" என்று கத்தினார்.

"கடிக்காதுங்க. நீங்க உங்க பக்கமே நின்னுக்குங்க" என்றேன். நாயைக் கூப்பிடவே இல்லை.