நடக்காத பிளாக்

என் கணினிக்குள் பேய் புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். விசைப்பலகைக்கு விபூதிகூடப் பூசினேன்.

பத்து மணிக் கூட்டத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். லாபு செம்பனைத் தோட்டத்தின், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின், மொத்த அறுவடையைச் சொடுக்கினால் அதன் பிரிவுகளான டிவிஷன்கள் விரியும், அவற்றுக்குள் வெட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோர்களின் கணக்கு. ஆனால் டிவிஷன்களைக் கூட்டினால் ஆலையில் போட்ட எடையைவிட அதிகம் வந்தது. வேலை போச்சு என்று வியர்த்தேன்.

கையெழுத்துப் போட வந்த மண்டோர் சரசு திரையை எட்டிப் பார்த்தார். "என்னாண்ணே, என் பேரு ரெண்டு டிவிஷன்லயும் இருக்கு?"

"ரெண்டுலயும் வெட்டுறீங்கல்ல?"

"அதுக்கு எங்க பழக்குலை மொத்தத்தையும் ரெண்டு பக்கமும் போடுவீங்களா? எந்தத் துண்டு நிலத்துல வெட்டுனோமோ அந்த பிளாக்குக்குக் கீழ போடுங்க லா. ஆளுங்க ரெண்டு டிவிஷனுக்கும் நடப்போம், பிளாக் நடக்குமா?"

நான் மூன்று நாள் முட்டிக்கொண்டதை அந்த அம்மா நின்றபடியே முடித்துவிட்டார். அவர் சொன்னபடி மாற்றினேன். கூட்டத்துக்கு முன்பே எடை பொருந்தியது.

பேய் எதுவும் இல்லை. ஒரே குலையை நான்தான் இரண்டு முறை எண்ணியிருந்தேன்.