சரி மட்டும் சொல்லும் லைப்ரரி

என் தங்கையின் கணவர் புரோகிராமர். எதைக் கேட்டாலும் "சரியாத்தான் இருக்கு" என்பார். ஆபீஸ் எப்படி? சரியாத்தான் இருக்கு. முழு உடல் பரிசோதனைக்குப் போனாரே, டாக்டர் என்ன சொன்னார்? எல்லாம் சரி. வாயைப் பிடுங்கினாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவரோடு பேசிவிட்டு வந்தால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும்.

தங்கை அப்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை அடிப்பாள், அடித்ததை மறுநாள் தேடுவாள். ஒரு கோப்பின் எல்லாப் பழைய வடிவங்களையும் காத்துவைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் சேவையில் அதைப் போட்டுவைக்கச் சொன்னார் மாப்பிள்ளை. ஆனால் அந்தச் சேவையின் ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் அதோடு பேசும் வாசல், லேசுப்பட்டதில்லை. ஒன்று சொன்னால் ஒன்பது கேட்கும், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழும். அதனால் அதன்மேல் போர்த்தினாற்போல் ஒரு குட்டி நிரல், அவர் பாஷையில் லைப்ரரி, எழுதிக் கொடுத்தார். தங்கை தட்டவேண்டியது மூன்றே கட்டளைகள்: வை, எடு, பழசைக் காட்டு. மற்ற தொல்லையையெல்லாம் லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.

நான் சும்மா இருப்பேனா. "அங்க ஏதாவது தகராறுன்னா என்ன பண்ணும் மாப்ள?"

"திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும் மச்சான்."

"அப்பவும் முடியலைன்னா?"

"அவளை எதுக்குப் பயமுறுத்தணும்?" என்றார்.

ஒரு மதியம் தங்கையின் லேப்டாப் உயிரை விட்டது. அவள் பதறவில்லை. மாப்பிள்ளையின் லேப்டாப்பில் "எடு" என்று தட்டினாள். ஆய்வேடு வந்தது, கடைசி இரண்டு அத்தியாயங்கள் இல்லாமல்.

மாப்பிள்ளை உள்ளே புகுந்து பார்த்தார். சேவைக்குள் நுழையத் தங்கையின் லேப்டாப்புக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சாவி எப்போதோ காலாவதியாகியிருந்தது. அன்றிலிருந்து தங்கை "வை" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் சேவை முடியாது என்றிருக்கிறது. லைப்ரரி அதை விழுங்கிவிட்டு, அவளுக்குப் பச்சை எழுத்தில் "சரி" என்று காட்டியிருக்கிறது. பெற்ற பிள்ளைகூட அப்பனை இப்படி உரித்து வைத்திருக்காது.

ஓர் அத்தியாயம் பேராசிரியரின் மெயிலில் கிடைத்தது. இன்னொன்று போயே போய்விட்டது. நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வாயெடுத்தேன், தங்கை முந்திக்கொண்டாள்.

"முடியலைன்னு அது ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ பயப்படுவேன்னு நான்தான் அப்படி எழுதினேன்."

திரையில் இருந்த பச்சை எழுத்தைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடினாள்.

"அத்தியாயம் கிடக்கட்டும், திரும்ப எழுதிக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார்?"

இந்த முறை மாப்பிள்ளை "எல்லாம் சரி" என்று சொல்லவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிச்சம் இருந்தது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீயும் உட்காரு, சொல்றேன்" என்றார் அவளிடம்.