என் அட்டை யார் கையில் இருந்தது

இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

இன்று காலை மத்திகிரி பஸ்ஸில், முன்பு தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவரின் மகளைப் பார்த்தேன். பெங்களூரில் தகவல் அமைப்பையும் குற்றவியல் நீதியையும் சேர்த்துப் படிக்கிறாளாம்.

"போலீசா, கம்ப்யூட்டரா? ரெண்டையும் சேத்து எதுக்கும்மா?" என்றேன்.

"கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு தப்பான ஆளைத் தண்டிச்சிடக் கூடாதில்ல அங்கிள், அதுக்குத்தான்."

என் கதையை வேறு யாருடையதோ போல அவளிடம் சொன்னேன். ஒரு ஆள் வேலை பார்த்த இடத்தில் ஸ்டோர் கதவு அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். டீக்குப் போகும்போது அட்டையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் போவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். ஒரு நாள் செம்புக் கம்பி காணாமல் போனது. கதவு திறந்த பதிவில் அந்த ஆளின் பெயர். வேலை போய்விட்டது.

"அட்டை உள்ள போச்சுன்னுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஆளு யாருன்னு தெரியாது. யாருகிட்ட குடுத்தாருன்னு ஒருத்தருமா கேக்கல?"

"கேட்டாங்க. அவன் சொல்லல."

"ஏன் அங்கிள்?"

அன்று நான் அட்டையைக் கொடுத்தது அவளுடைய அப்பாவிடம். அவரே முன்வந்து சொல்வார் என்று காத்திருந்தேன். கம்பியை எடுத்தது அவர்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறங்கும்போது, "வீட்டுக்கு வாங்க அங்கிள், அப்பா உங்களைப் பத்தி அடிக்கடி பேசுவாரு" என்றாள்.

என்ன பேசுவார்? போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

பெயர் போடாமல்தான் பதிவிடுகிறேன். இப்படிப் பெயரில்லாமல் எழுதுவது யார் என்று கண்டுபிடிக்கவும்தான் அவள் படிக்கிறாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.